கூந்தன்குளத்து இறகு கூந்தலுக்கு ஆகாது

பாளையங்கோட்டை
ஆனி 30

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தேரோட்டம் முடியட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் டவுனுக்குப் போய்த் தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, காற்று இங்கே வரைக்கும் அடிக்கிறது. அந்தக் காற்றால் எனக்கு வந்த வினையை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உன் விஷயம். பேத்திக்கு ஆண்டு விழாவில் ஆட இறகு கிளிப் வேண்டும், கோயம்புத்தூர்க் கடையில் ஒன்று 180 ரூபாய் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா? ‘கூந்தன்குளத்தில்தான் கொட்டிக் கிடக்குமே, ஒரு பை அள்ளி அனுப்பு’ என்றும் எழுதியிருக்கிறாய். ஏளா, பேரில் கூந்தல் இருக்கிறது என்பதற்காக அதைத் தலையில் வைக்க முடியுமா? அது 1994 முதல் பறவைகள் சரணாலயம், உலகத்து முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. சட்டம் கிடக்கட்டும், அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? வாசல் மரத்தில் நாரை கூடு கட்டி, முற்றமெல்லாம் எச்சம் போட்டு, மீன் வாடை குடலைப் புரட்டினாலும் விரட்டாதவர்கள். குஞ்சு மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாதவர்கள்.

ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. போன தை மாதம் போனபோது மஞ்சள்மூக்கு நாரையின் இறகு ஒன்று கரையில் கிடந்தது. ஓரத்தில் ரோஸ் பவுடர் பூசின மாதிரி ஒரு நிறம். குனிந்து எடுத்தேன், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நான் ஒன்று எடுத்துவரலாம். அதைப் பார்த்து நாலு பேர் கேட்டால், இறகு தானாக விழும் வரை யார் காத்திருப்பார்கள்? முன்னே ஐரோப்பாவில் பெண்கள் தொப்பியில் செருகக் கொக்கின் தூவி கேட்டார்கள். கூடு கட்டும் பருவத்தில்தான் அந்தத் தூவி நீளும் என்பதால், அப்போது பார்த்துத்தான் சுட்டார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே கிடந்து செத்தன. கடைசியில் 1902-ல் வெள்ளைக்காரன் அரசாங்கமே இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியைத் தடுக்க வேண்டியதாயிற்று.

மயில் பீலி கேட்டால் தருவேன். தானாக உதிர்ந்ததை நம் நாட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் பக்கம் இப்போது மயிலுக்குக் குறைச்சலா? கோழி மாதிரி வரப்பில் நடக்கிறது. ஆனால் அந்தக் கண் பீலி சின்னப் பிள்ளை தலையில் கோயில் சாமரம் மாதிரி நிற்கும், வேண்டாம்.

கோழிதான் சரி. நாட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாயா? வேல் முனை மாதிரி ஒடுக்கமாக, நுனியில் செம்பும் அடியில் புகையும். சாயமே வேண்டாம். கறிக்கடைக்காரத் தம்பியிடம் சொல்லி வைத்தேன், வெந்நீரில் முக்குவதற்கு முன்னாலேயே பறித்துப் பையில் போட்டுத் தருகிறான், காசு வாங்குவதில்லை. பிசான நெல் அறுப்பு முடிந்து சேரன்மகாதேவிப் பக்கம் வாத்துக் கிடை போட்டிருந்தார்கள், அங்கேயும் கொஞ்சம் பொறுக்கினேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கின்னிக்கோழி இறகு. கறுப்பில் வெள்ளைப் பொட்டு, அப்படியே சுங்குடிச் சேலை. சீக்குக் கோழி, செத்த கோழி இறகை மட்டும் தொடாதே.

வேலை முழுக்கக் கழுவுவதில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ விட்டு அரை மணி ஊற வை. வாத்து இறகில் எண்ணெய்ப் பசை, அமுக்க அமுக்க மிதக்கும், அதற்கு இரண்டு தரம் வேண்டும். அலசி எடுத்தால் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிப்போய்க் கேவலமாக இருக்கும். கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதே, முதல் தடவை நான் போட்டேன். நிழலில் காய்ந்ததும் பூத்துக்கொள்ளும். இழை பிரிந்து நின்றால் அடியிலிருந்து நுனிக்கு இரண்டு விரலால் நீவிவிடு. கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒவ்வொரு இழையிலும் இருக்கின்றன, நீவ நீவ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜிப் போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். மத்தியானம் சாப்பிட்டதும் சீரியல் ஓடும்போது இதைச் செய்ய உட்கார்ந்தால் சீரியல் முடிந்ததே தெரிவதில்லை.

ரோஸ் நிறம் கேட்டால் வெள்ளை பிராய்லர் இறகுக்குச் சாயம் ஏற்று. கம்பளி, பட்டு மாதிரி இதுவும் புரதம்தான். ரோஸ் நிறச் சமையல் கலர் பவுடரோடு கொஞ்சம் வினிகர் விட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சூடாக இருக்கட்டும், கொதிக்கக் கூடாது.

அப்புறம் கிளிப். டிக்-டாக் கிளிப்பில் நேராக ஒட்டினால் இரண்டாம் நாள் கழன்றுவிடும். எட்டணா அளவுக்கு ஃபெல்ட் துணி வெட்டி, அதன் மேல் இறகுகளை விசிறியாக வை, நீளமானது அடியில், குட்டை மேலே. இறகின் அடியில் நீட்டும் முள்ளை நகவெட்டியால் நறுக்கிவிடு, இல்லாவிட்டால் மண்டையில் குத்தும். ஏழு இறகு போதும், பன்னிரண்டு வைத்தால் கொண்டைச் சேவல். அடி கூடுகிற இடத்தை ஒரு மணியால் மறைத்து, இன்னொரு துணி வட்டத்தைப் பின்பக்கம் கொடுத்து, நடுவில் கிளிப்பை வைத்து பசையைச் சூடாக உருக்கி விடுகிற க்ளூ கன்னால் ஒட்டு. என் ஆள்காட்டி விரலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை, பேத்தி கையில் கன்னைக் கொடுக்காதே. கன் வாங்கினதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒன்றுக்குப் பத்து, பன்னிரண்டு ரூபாய்தான் ஆகிறது.

இப்போது அந்தக் காற்று. ரோஸ் சாயம் போட்ட இறகையெல்லாம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் முறத்தில் பரப்பிவிட்டுக் கீழே காபி போட வந்தேன். ஐந்து நிமிஷம். திரும்பிப் போனால் முறம் கவிழ்ந்து கிடக்கிறது. இறகெல்லாம் எதிர்வீட்டு மாடியில், மைனி காயப்போட்ட மோர்மிளகாய் மேல். அவர்கள் சுத்த சைவம்! ‘ஒன் வீட்டுக் கோழி எம் மொளகா மேல எதுக்குட்டி வந்து விழுது?’ என்று அங்கிருந்தே ஒரு சத்தம். புது மிளகாய் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தும் ரெண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவர்கள் பேத்தியே வந்து, ‘ஆச்சி, அந்த ரோஸ் கிளிப்பு எனக்கு ஒண்ணு’ என்று கேட்டது. பாட்டிக்குத் தெரிந்துதான் வந்ததா என்று நானும் கேட்கவில்லை. இப்போது பழைய கொசுவலையைப் பையாகத் தைத்து, அதற்குள் போட்டுக் கொடியில் மாட்டுகிறேன்.

பார்சலில் சேவல் இறகு கிளிப் இரண்டு வைத்திருக்கிறேன். பொட்டலத்தில் இருக்கும் கின்னிக்கோழி இறகு பேத்தி தானே செய்ய, நீ கைவைக்காதே. அண்ணனுக்குச் சுகர் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? அப்படியே, டிக்-டாக் கிளிப் அங்கே மொத்தமாக என்ன விலை என்றும் விசாரித்து எழுது.

இப்படிக்கு,
உன் கோமு