எங்கள் ஊருக்கு செல்போன் டவர் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: கல்லூரி மாணவ மாணவியர் 11 பேர், கல்வராயன் மலை.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
நாள்: ஜூன் 2021
பொருள்: ஆன்லைன் வகுப்பும் தேர்வும் தடையில்லாமல் நடக்க டவர் வசதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன அக்டோபரில் ஒரு மனு, பிப்ரவரியில் ஒரு மனு கொடுத்தோம், பதில் இல்லை. எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாததல்ல. சாலை வேலையைப் பார்க்க வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று தாங்களும்தான் சிக்னல் தேடினீர்கள்.

1. 2020 மார்ச்சில் கல்லூரி மூடியது. இந்தப் பிப்ரவரியில் திறந்து மறுபடியும் மூடிவிட்டார்கள்.

2. தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்த அரசுக்கு நன்றி. அது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான், ஊரடங்கு வந்ததோ மே 10-இல். கார்டு இருந்த நாலு மாதமும் ஊருக்குள் ஒரு பாயிண்ட் சிக்னல் கூட விழவில்லை.

3. சிக்னல் கிடைப்பது மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் பாறை மேல்தான். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும், மழை வந்தால் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனைப் பாலித்தீன் பைக்குள் வைத்து வெளியிலிருந்தே விரலால் தடவுகிறோம், மைக்கை ஆன் செய்வதற்குள் அட்டெண்டன்ஸ் முடிந்துவிடும். சார் கணக்கின் கடைசி வரியை எழுதும்போது படம் நின்று, திரும்ப வரும்போது அடுத்த கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெண் பிள்ளைகள் ஒதுங்க அங்கே மறைவு கிடையாது, அதனால் ஆறு பேரும் காலையில் தண்ணீர் குடிக்காமலே போய் மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறோம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது ஐயா, எழுதாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

4. போன செமஸ்டரில் வீட்டில் எழுதிய விடைத்தாளை போனில் ஸ்கேன் செய்து பாறைக்கு ஓடினோம். ஒரு மாணவியின் பிடிஎஃப் பாதி ஏறி நின்றுவிட்டது, அவளுக்கு ஆப்சென்ட். எழுதின பிள்ளைக்கு ஆப்சென்ட்! மறுபடி பணம் கட்டி எழுதணுமாம். அவள் அப்பாவுக்கு ஒரு மாதமாகக் கூலி வேலை இல்லை.

5. டவர் போட நாளாகும் என்றால் சரி, அதுவரை பெரிய திருவிழாக்களுக்கு நிறுத்துவது போல வண்டியில் வைத்த டவர் ஒன்றை நிறுத்துங்கள். அதுவும் முடியாதென்றால், பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு இணைய இணைப்பு கொடுங்கள், மாஸ்க் போட்டுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து படித்துக்கொள்கிறோம்.

6. இடி மின்னலில் பாறை உச்சியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் ஐயா. யாருக்காவது ஏதாவது ஆன பிறகுதான் வருவீர்களா?

அடுத்த மாதம் தேர்வு என்கிறார்கள். டவர் வேண்டும் ஐயா, அதுவரை பள்ளிக்கூடத்துக்கு ஒரு இணைப்பாவது வேண்டும். இந்த முறையாவது பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாணவ மாணவியர் 11 பேர்