இடுப்பு மூட்டு மாற்றியவர் முக்காலியில் உட்காரலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடுப்பு மூட்டு மாற்று அறுவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அறுவைக்கு உதவும் ரோபோவையும் மூட்டில் பொருத்தும் செராமிக் பந்தையும் விரிவாகச் சொன்னது. நோயாளி வீடு திரும்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டே வரி. எங்கள் குடும்பம் இடறி விழுந்தது அந்த இடத்தில்தான்.

என் அம்மாவுக்கு 68 வயது. மூட்டுத் தேய்மானத்தால் கால் நகம் வெட்டக்கூடக் குனிய முடியாமல், தொடை இடுக்கு வலியில் தூக்கமின்றிக் கிடந்தவர், அறுவை முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். அறுவையில் ஒரு குறையும் இல்லை. பத்தொன்பதாம் நாள் பூத்தொடுக்க முக்காலியில் உட்கார்ந்து, தரையில் உருண்ட நூல்கண்டை எடுக்கக் குனிந்தார். செயற்கை மூட்டின் பந்து, அது பொருந்திச் சுழலும் கிண்ணத்தைவிட்டு நழுவிவிட்டது. மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி மயக்க மருந்து. அவர் அலறியதை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு இடுப்பைப் பின்பக்கமாகத் திறந்திருக்கிறார்கள். பரவலாகக் கையாளப்படும் முறைதான். அதில் மூட்டின் பின்னாலுள்ள சிறு தசைகளையும் மூட்டுறையையும் பிரித்துத் திரும்பத் தைக்கிறார்கள். அது ஆறும்வரை முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. முன்பக்கமாகத் திறந்தால் தசைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். முதல் சில வாரங்களில் நடை சற்று விரைவாகத் தேறும்; ஆனால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவது அங்கே ஆபத்து. சில மாதங்கள் போனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. எனவே எந்த வழியாகத் திறந்தார்கள் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததோ, 'இடுப்பு முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்கவும்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒற்றை வரி.

1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செயற்கை மூட்டுக்குப் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கிய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, அதற்கு முன் தாம் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்தபோது அந்த நோயாளிகளைக் கைவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். இன்று பாதிக்கு மேற்பட்ட செயற்கை மூட்டுகள் 25 ஆண்டுகள் உழைக்கின்றன. அப்படிப்பட்ட மூட்டை முதல் மூன்று மாதங்களில் காப்பாற்றிக்கொள்ள, சம்மணமிட்டுச் சாப்பிடும் நம் வீடுகளுக்கு, குந்தி உட்காரும் கழிப்பறை உள்ள வீடுகளுக்கு, படம் போட்ட ஒரு தமிழ்த் தாள் வேண்டாமா? அதை அறுவைக்கு முன்பே வீட்டாரை உட்காரவைத்து விளக்க வேண்டாமா?

ஓர் இயன்முறை மருத்துவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் செய்யுங்கள். படி ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது அறுவை செய்த காலையும் முதலில் வைக்க வேண்டும் என்பதைக்கூட, இரண்டாம் முறை மருத்துவமனைக்குப் போனபோதுதான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்