காவலர் அல்ல, கார்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க வீராங்கனை கேட்லின் கிளார்க்கைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது கையில் சிவப்புப் பேனா இருந்தது. உடற்கல்வி ஆசிரியைக்கு விசிலைத் தவிர வேறெதுவும் பிடிக்கத் தெரியாது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

"அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கு முன் எந்தப் பெண்ணும் இத்தனை புள்ளிகள் எடுத்ததில்லை" என்கிறார் உங்கள் கட்டுரையாளர். கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டுகளில் எடுத்தவை 3,951. தென் கரோலினாவில் ஃபிளாரன்ஸ் என்ற ஊரின் ஃபிரான்சிஸ் மேரியன் கல்லூரியில் ஆடிய பேர்ல் மூர், 1979இல் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது அவர் கணக்கில் இருந்தவை 4,061. கழித்தல் எனக்கு வரும். உங்கள் அலுவலகத்திலும் யாருக்காவது வரும் என்றே நம்புகிறேன்.

அதில் 177 புள்ளிகள் அவர் முதலில் சிறிது காலம் படித்த ஆண்டர்சன் ஜூனியர் கல்லூரியில் எடுத்தவை, அதைச் சேர்க்கக் கூடாது என்று கட்டுரையாளர் வாதிடலாம். தாராளமாக வாதிடட்டும். ஆனால் பெயரையே எழுதாமல் விட்டுவிட்டு யாரோடு வாதிடுவது?

என்னை உண்மையில் சுட்டது வேறு. அதே கட்டுரையில், ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகளைக் குவித்த பீட் மரவிச்சுக்கு முழுசாக ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். 1967 முதல் 1970 வரை அவர் ஆடியது மூன்றே பருவங்கள், முதலாண்டு மாணவர்களை அன்று பிரதான அணியில் சேர்க்க மாட்டார்கள், தொலைவிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடு அப்போது கிடையாது, 83 ஆட்டங்களில் 3,667 என்றால் சும்மாவா என்று அவருக்காகப் பரிந்து பேசியிருக்கிறீர்கள். சரியான பேச்சு. ஒரு எழுத்தும் தவறில்லை. ஆனால் பேர்ல் மூர் காலத்திலும் மூன்று புள்ளிக் கோடு கிடையாதே! பெண்களுக்கென்று சிறிய பந்து 1984இல்தான் வந்தது. அதுவரை ஆண்கள் ஆடிய அதே பந்து. ஐந்தடி ஏழு அங்குலப் பெண் அந்தப் பந்தை வைத்துக்கொண்டு 1978இல் தேசியப் போட்டியின் ஒரே ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தார். மரவிச்சுக்குக் கிடைத்த பத்தியில் கால் பங்கு, வேண்டாம், ஒரு வரி?

காரணம் தாங்கள் அறியாததல்ல. அன்று பெண்கள் விளையாட்டை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு சீந்தவில்லை. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்று பெண்களே நடத்திய சங்கம்தான் போட்டிகளை நடத்தியது. கூட்டம் சேரத் தொடங்கியதும் 1981-82இல் என்.சி.ஏ.ஏ. உள்ளே வந்தது, சங்கம் இழுத்து மூடப்பட்டது. போட்டியை எடுத்துக்கொண்டவர்கள் பழைய கணக்குப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் 2024 பிப்ரவரி 15 அன்று, என்.சி.ஏ.ஏ. கணக்கில் பெண்களுக்கான உச்சமாக இருந்த 3,527ஐக் கிளார்க் தாண்டியதும் அவ்வளவு கொண்டாட்டம். கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் லினெட் வுடார்ட் 1981இலேயே 3,649 எடுத்து வைத்திருந்தார். கிளார்க் அதைத் தாண்ட மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. பழைய சங்கத்தின் சாதனைகளையும் மதிக்க வேண்டும் என்று கிளார்க்கின் பயிற்சியாளர் லிசா ப்ளூடரே வெளிப்படையாகச் சொன்னார். அயோவாக்காரருக்கு இருந்த நியாய உணர்வு நமக்கு ஏன் இல்லை?

கிளார்க்கின் மேல் எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் குளிர்காலத்தில் தென் கரோலினாவில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனைத் தூங்க வைத்துவிட்டு அவர் ஆட்டங்களைப் பார்த்தேன். கோட்டுக்குப் பத்தடி வெளியே நின்று அவர் பந்தை விடுகிற விதத்தைப் பார்த்து, என் மாணவி இப்படிச் செய்திருந்தால் வெளியே உட்கார வைத்திருப்பேனே என்று வெட்கப்பட்டேன். நடைப்பயிற்சியில் பழகிய ஓர் அம்மாளிடம் மறுநாள் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் ஃபிளாரன்ஸ் பேர்லைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நாற்பது ஆண்டுகளாகக் கூடைப்பந்தோடு வாழ்ந்தவள் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கும் ஒரு பழைய கணக்குப் புத்தகம் உண்டு. நான் எங்கள் கல்லூரி அணியில் கார்டாக, அதாவது பந்தை முன்னே கொண்டு செல்பவளாக, ஆடினேன். சிமெண்ட் தரை, கேன்வாஸ் ஷூ, விழுந்தால் முழங்கால் தோல் மிஞ்சாது. 1978இல் பல்கலைக்கழக அளவில் கோப்பை வாங்கினோம். பின்னாளில் கல்லூரி வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழ் போயிற்று. பவள விழாவுக்கு அழைத்தார்களே என்று போனால், அரங்கச் சுவரில் வெற்றி பெற்ற அணிகளின் பெயர்ப் பலகை அந்தப் புதிய பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. கோப்பை எங்கே என்று கேட்டேன். அலுவலகத்தில் பேனா போட்டு வைத்திருந்தார்கள். 1978இல் நாங்கள் வென்ற மறுநாள் பத்திரிகையில் வந்த செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது: ஆண்கள் இறுதியாட்டத்துக்கு ஒரு பத்தியும் படமும், கடைசியில் "பெண்கள் பிரிவிலும் போட்டிகள் நடைபெற்றன" என்ற வரியும்.

இதெல்லாம் எதற்கு என்றால், உங்கள் இதழிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சென்ற ஆண்டு மாநில அளவில் வென்ற பள்ளி மாணவிகளின் படத்துக்கு "வெற்றிக் களிப்பில் மாணவிகள்" என்று போட்டீர்கள். பன்னிரண்டு பெண்கள், ஒரு பெயர்கூட இல்லை. அப்போதே எழுதினேன். என் கடிதத்தை வெட்டிச் சுருக்கி, "மாணவிகளின் படம் அருமை" என்ற வாக்கியத்தை மட்டும் வெளியிட்டு என்னைப் பாராட்டுக் கடிதக்காரி ஆக்கினீர்கள். அண்டை வீட்டார் வாழ்த்துச் சொன்னார்கள்.

இன்னொன்று. கிளார்க் "காவலராக ஆடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதைக் காவல் காக்கிறார், வங்கி ஏ.டி.எம்.மையா? பாயிண்ட் கார்டு என்பவர் பந்தை மேலே கொண்டு வந்து, யாருக்கு எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். ஆட்டமே அவர் கையில். தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. அதற்காக, ஆட்டத்தை நடத்துகிறவளை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்க வேண்டியதில்லை. கார்டு என்றே எழுதுங்கள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கல்லூரிக்குப் பிறகு பேர்ல் மூர் நியூயார்க் ஸ்டார்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஆடினார். அந்த அணி இருந்த பெண்கள் லீக் மூன்றே பருவங்களில், 1981இல், மூடப்பட்டது. நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2021இல். கல்லூரியை முடித்து 42 ஆண்டுகள் கழித்து. அதைக்கூடப் பார்க்காமல் 2024இல் நடந்ததைப் பற்றிக் கட்டுரை எழுத முடிகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், ராசிபலனுக்குக் கீழே என்றாலும் சரி, ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பேர்ல் மூர், 4,061. இடமில்லாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி