தேயிலைத் தோட்டத்துக்குப் போன தம்பிக்கு

தம்பி,

உனக்கு வாட்ஸப்லயே பதில் போட்டிருக்கலாம், டைப் பண்ண ஆரம்பிச்சா நிக்காம போய்க்கிட்டே இருந்துச்சு, அதான் இங்க போடறேன். உன் பேரும் இல்ல, காலேஜ் பேரும் இல்ல, பயப்படாத.

நான் ஜட்ஜா வந்த உங்க காலேஜ் சிறுகதைப் போட்டி முடிஞ்சு ஸ்கூட்டி எடுக்கும்போது ஓடி வந்து "அக்கா எனக்கு ஏன் பிரைஸ் வரல"ன்னு நேராவே கேட்ட பாரு, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா அப்ப பதில் சொல்ல வரல, ஹெச்ஓடி வேற பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாங்க. இப்ப சொல்றேன்.

உன் கதையில ஹீரோ ஏற்காட்டுல தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல நடந்து போறான். டேய், ஏற்காட்டுல ஏதுடா அவ்வளவு தேயிலை? அங்க காபிடா. 1820கள்ல கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வெச்சதுல இருந்து அந்த மலையே காபிதான், நிழலுக்கு சில்வர் ஓக் மரம், மரத்துல ஏத்திவிட்ட மிளகுக்கொடி. கோடை மழை ஒண்ணு ரெண்டு பேஞ்சதும் காபி பூக்கும், செடி முழுக்க வெள்ளையா, கிட்டத்தட்ட மல்லிகைப்பூ வாசம். அதை ஒரு வரி எழுதியிருந்தா நான் அப்பவே மார்க்கை ஏத்திப் போட்டிருப்பேன். நீ எழுதினது சினிமாவுல பார்த்த ஊட்டி. அப்புறம் "இருபத்தேழாவது கொண்டை ஊசி வளைவில் அவளைக் கண்டான்"னு வேற. மொத்தமே 20 வளைவுதான், 27ல அவளைப் பார்க்கணும்னா பையன் வானத்துலதான் வண்டி ஓட்டணும். எத்தனை வாட்டி ஏற்காடு போயிருக்கேன்னு கேட்டா ரெண்டு வாட்டி, அதுல ஒரு வாட்டி அடிவாரத்துலயே ஹெல்மெட் இல்லைன்னு ஃபைன் கட்டிட்டு திரும்பிட்டோம்னு சொன்ன. அந்த ஃபைன் கதையவே எழுதியிருக்கலாமேடா.

சரி அதை விடு. ராத்திரி பதினொரு மணிக்கு இன்னொரு ஃபைல் அனுப்பி "ஃபர்ஸ்ட் எழுதினது இதுதான்க்கா, ஃப்ரெண்ட்ஸ் இதெல்லாம் ஒரு கதையான்னாங்க, மாத்திட்டேன்"னு போட்டிருந்த. போன் நோட்ஸ்ல அடிச்சது, ஃபுல்ஸ்டாப் கிடையாது, ரெண்டு பக்கம்கூட வராது. அம்மா வெள்ளிக் கொலுசுக்கு சலங்கை கோக்கற கதை. அதுல ஒரு இடம், அப்படியே இங்க எடுத்துப் போடறேன், ஃபுல்ஸ்டாப் மட்டும் நான் வெச்சது, கோவிச்சுக்காத:

"அம்மா வீட்டைக் கூட்டுனா குப்பைய வெளிய கொட்டாது. பழைய பெயிண்ட் டப்பால போட்டு மூடி வெக்கும். அதுல வெள்ளி இருக்கு. நான் சின்னப் பையனா இருக்கும்போது எல்லா வீட்டுக் குப்பைலயும் வெள்ளி இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன்."

இதைப் படிச்சுட்டு நான் போனைக் கீழ வெச்சுட்டேன். 34 கதை படிச்சேன் தம்பி, பாதிக்கு மேல மழையில ஆரம்பிச்சு ஆஸ்பத்திரியில முடிஞ்சது, ஒரு கதைலயும் இப்படி ஒரு டப்பா இல்ல. நீ அந்த டப்பாவைத் தூக்கிக் கடாசிட்டு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்க.

இன்னொண்ணு, யாரோ ஒருத்தன் "கொட்டாது"ல ரவுண்டு போட்டு "கொட்டமாட்டார்"னு திருத்திக் குடுத்திருக்கான். யாருடா அது? நம்ம பக்கம் அம்மாவை அதுன்னுதான் சொல்லுவோம், அம்மா வருது, அம்மா திட்டும், அம்மா இன்னும் சாப்பிடல பாவம் அதுன்னு. மரியாதை இல்லாம இல்ல, அவ்வளவு நெருக்கம். "கொட்டமாட்டார்"னு போட்டா அது உங்க அம்மா இல்ல, உங்க பிரின்ஸிபால்.

நீ என்ன படிக்கறன்னு கேட்டப்ப நெளிஞ்ச. இன்ஸ்டால கவிதை, பிரதிலிபில தொடர்கதை, டெலிகிராம்ல வர்ற பிடிஎஃப், அவ்வளவுதான்க்கான்னு ஏதோ தப்பு பண்ணின மாதிரி சொன்ன. நாங்க மட்டும் என்னத்தக் கிழிச்சோம்? ஹாஸ்டல்ல எங்க ரூம்ல மாத நாவல்தான், பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கறது, சாணித்தாள்ல அச்சடிச்சிருக்கும். ஒரு புக்கு, மூணு பேரு. சண்டை வரக்கூடாதுன்னு ஒருத்தி பின்னைப் பிரிச்சு மூணு துண்டாக்கிடுவா. எனக்கு எப்பவும் நடுத்துண்டுதான் மொதல்ல வரும். யாரு இவன், எதுக்கு இவ அழறான்னு ஒண்ணும் தெரியாம படிச்சுட்டு, முன்னாடி என்ன நடந்திருக்கும்னு நானே ஒண்ணை ஜோடிச்சு வெச்சுப்பேன், அப்புறம் முதல் துண்டு கைக்கு வந்து பார்த்தா பெரும்பாலும் என் கதையே தேவலாம்னு இருக்கும். நான் எழுத ஆரம்பிச்சது அப்படித்தான், லைப்ரரியில இல்ல. லைப்ரரியில நல்ல புக்கெல்லாம் கண்ணாடி பீரோவுக்குள்ள இருந்துச்சு, சாவி கேட்டா ஆபீஸ்ல இருக்கும்பாங்க, ஆபீஸ்ல கேட்டா லைப்ரரியன்கிட்டதான் இருக்கும்பாங்க, மூணு வருஷமும் அட்டையை மட்டும் பார்த்துட்டு வந்தேன். அதனால நீ இன்ஸ்டால படி, எதுல வேணா படி, எனக்கு அதுல பிரச்சினை இல்ல. ஆனா அங்க படிச்ச "கார்கூந்தல்", "நினைவலைகள்" எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து உன் கதையில ஒட்டாத. நீ வாட்ஸப்ல எனக்கு அனுப்பற மெசேஜ்ல ஒரு நினைவலையும் இல்லையே, எவ்வளவு நல்லா இருக்கு.

"சேலத்துல என்னக்கா இருக்கு எழுதறதுக்கு"ன்னு வேற கேட்ட. 1968ல இங்க சேலத்துல இருந்துதான் கவிஞர் சி. மணி நண்பர்களோட சேர்ந்து 'நடை'ன்னு ஒரு பத்திரிகை கொண்டு வந்தாரு. அவரு இங்கிலீஷ் வாத்தியார். ஞானக்கூத்தன், ந. முத்துசாமி எல்லாம் அதுல எழுதினாங்க, தமிழ்ப் புதுக்கவிதை பத்தி யாரு பேசினாலும் அந்தப் பேரைச் சொல்லாம தாண்ட முடியாது. இந்தப்பக்கம் திருச்செங்கோடு, பஸ் ஏறினா மதிய சாப்பாட்டுக்குள்ள போயிட்டு வந்துடலாம். எழுத்தாளர் பெருமாள்முருகனோட அப்பா அங்க சினிமா தியேட்டர்ல சோடாக்கடை வெச்சிருந்தவரு. அந்த மாதிரி தியேட்டருக்குள்ள கெடந்து வேலை செய்யற பசங்களை வெச்சு பெருமாள்முருகன் ஒரு நாவலே எழுதிட்டாரு, நிழல் முற்றம். சோடாக்கடை கதையாகும்னா கொலுசுப் பட்டறை ஆகாதா? நம்ம சேலம் செவ்வாப்பேட்டையில வெள்ளிக்கடை வாசல்ல நின்னு ஃபோட்டோ எடுத்துப் போடறவங்க நூறு பேரு இருக்காங்க, வீட்டுக்குள்ள ராத்திரி டிவி சவுண்டைக் கம்மியா வெச்சுட்டு சலங்கை கோக்கற அம்மாவைப் பார்த்துட்டே ஹோம்வொர்க் எழுதினவன் நீ.

காலேஜ் கேட்டுக்கு வெளிய தட்டுவடை செட் சாப்பிட்டுட்டே பேசினோமே, அப்பவும் கவனிச்சேன். கடைக்காரர் பீட்ரூட் துருவலை வெச்சு மேல இன்னொரு தட்டுவடையை அமுக்கும்போது நீ "அந்தாளு கட்டைவிரல் பாருங்கக்கா, செவப்பாவே ஆயிடுச்சு"ன்ன. நான் பத்து வருஷமா அங்க சாப்பிடறேன், அந்த விரலைப் பார்த்ததே இல்ல.

பிரைஸ் பத்தி வருத்தம் வேண்டாம், ஃபர்ஸ்ட் பிரைஸுக்கும் ஒரு திருக்குறள் உரையும் ஸ்டீல் டம்ளரும்தான் குடுத்தாங்க. அந்தப் பழைய ஃபைலை டெலீட் பண்ணிடாத. ஒரு இடம் மட்டும் எனக்குக் குறையுது. டப்பா ரொம்பினதும் அந்தக் குப்பையை வாங்கறதுக்கு யாரோ வருவாங்கல்ல, இல்ல அம்மா எடுத்துட்டுப் போகுமா? எடை எப்படிப் போடுவாங்க, மண்ணுக்கு எவ்வளவு கழிப்பாங்க, அப்ப அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்? உன் கதையில அது எங்கயும் இல்ல. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட கேட்டுட்டு மெசேஜ் போடு, எத்தனை மணி ஆனாலும் பரவால்ல.

அக்கா