கணக்குப்பிள்ளை வெக்டர் கூட்டிய கதை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். சொல்லியும் பயனில்லை, விடு. பேரனிடம் தினமும் கேரமில் தோற்பதாக எழுதியிருந்தாய். அதற்கும் முழங்காலுக்கும் சம்பந்தம் இல்லையடா, நீ பள்ளியிலேயே அப்படித்தான் ஆடுவாய்.

"ஓய்வு பெற்ற வயதில் உனக்கு எதற்கு இயற்பியல்?" என்று கேட்டிருந்தாய். பழைய பாக்கி, வேறென்ன? பதினொன்றாம் வகுப்பில் வெக்டர் பாடம் (நீளத்தோடு திசையும் உள்ள அளவு, அம்பாக வரைவார்களே) நடந்த வாரம் முழுக்க நாம் கடைசி பெஞ்சில் நோட்டின் பின்பக்கத்தில் புள்ளி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடனை இப்போது வட்டியோடு கட்டுகிறேன். தொடக்க நிலைப் பாடம்தான். மூன்று வாரமாக ஒரே அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நாளே சறுக்கல். 3 மீட்டர் நீள இடப்பெயர்ச்சியும் 4 மீட்டர் நீள இடப்பெயர்ச்சியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேள்வி. 7 என்று எழுதினேன். முப்பது வருடம் கணக்கு எழுதிய கை வேறென்ன எழுதும்? திசை சொல்லாமல் விடை சொல்ல முடியாதாம். இரண்டும் ஒரே பக்கம் போனால் 7, எதிரெதிராகப் போனால் 1, செங்குத்தாகத் திரும்பினால் 5. இடையில் எந்த எண்ணும் வரலாம். இந்தக் கேள்வியின் சூழ்ச்சியே அதுதான்.

அம்புகளை வரைந்து கூட்டுவது எனக்கு உடனே பிடித்துவிட்டது. முதல் அம்பின் தலையில் அடுத்த அம்பின் வாலை வை, கடைசியில் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஒரு கோடு இழு, அதுதான் தொகுபயன். ஆனால் நாலைந்து அம்பு சேர்ந்தால் பென்சில் முனையின் தடிமனே தவறாகிவிடுகிறது. ஒரே கணக்கைப் பாகைமானி வைத்து மூன்று முறை போட்டேன். மூன்று விடை வந்தது.

அதனால்தான் கூறுகளாகப் பிரிப்பது. ஒரு கணக்கை அப்படியே எழுதுகிறேன், பார். முதல் அம்பு 10 மீட்டர், எக்ஸ் அச்சிலிருந்து 30 பாகை. இரண்டாவது 6 மீட்டர், 135 பாகை. நோட்டில் இரண்டு பத்தி போட்டேன், எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. நீளத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் எக்ஸ் கூறு, சைனால் பெருக்கினால் ஒய் கூறு. முதல் அம்புக்கு 8.66, 5.00. இரண்டாவதற்கு −4.24, 4.24. அந்த மைனஸ், அம்பு இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் வந்தது. பத்திகளை அடியில் கூட்டினேன்: 4.42, 9.24. பிறகு பிதாகரஸ். நீளம் 10.24 மீட்டர், கோணம் 64.4 பாகை. இரண்டு அம்பும் நீளத்தில் 16, சேர்ந்தால் பத்தேகால்கூட இல்லை!

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது பேரேடு! இரண்டு தலைப்பு, ஒன்றின் தொகை மற்றொன்றில் ஏறக் கூடாது, அவ்வளவுதானே. இதற்கா மூன்று வாரம்?

ஆனால் இப்படிப் பிரிக்க யார் அனுமதி கொடுத்தது என்ற சந்தேகம் போகவில்லை. புத்தகம் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு அம்பையும் முதலில் கிடையாக ஒரு நடை, பிறகு நெடுக்காக ஒரு நடை என்று நடந்துவிடலாம். சேருமிடம் அதேதான். வெக்டரைக் கூட்டும்போது வரிசை முக்கியமில்லை, முன்னதைப் பின்னால் நடந்தாலும் அதே இடத்துக்குத்தான் வருவோம். அப்படியானால் எல்லா அம்புகளின் கிடை நடைகளையும் முதலில் ஒரே மூச்சில் நடந்து முடித்துவிட்டு, நெடுக்கு நடைகளைப் பிறகு நடக்கலாம் இல்லையா? எக்ஸ் பத்தியைத் தனியாகக் கூட்டுவது என்றால் அதுதான். இதைச் சொல்லிவிட்டு சைன், கொசைனுக்குப் போயிருந்தால் நாம் அன்றைக்கே புள்ளி விளையாட்டை நிறுத்தியிருப்போம். (நீ நிறுத்தியிருக்க மாட்டாய்.)

தவறுகளைச் சொல்லாமல் விட்டால் நீ நம்ப மாட்டாய். கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருந்ததைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுக்கப் போட்டேன். அதே 10 மீட்டர் அம்புக்கு 1.54, −9.88 என்று வந்தது. மேலே ஏறுகிற அம்பு கீழே பாய்கிறது! படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்ததால் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இன்னொரு கணக்கில் கோணத்தை ஒய் அச்சிலிருந்து கொடுத்திருந்தார்கள். 'எக்ஸுக்கு கொசைன்' என்று மனப்பாடம் செய்திருந்தவன் அங்கே குப்புற விழுந்தேன். கோணம் எந்த அச்சை ஒட்டியிருக்கிறதோ அந்த அச்சுக்குத்தான் கொசைன். சந்தேகம் வந்தால் கோணத்தைப் பூஜ்யமாகச் சுருக்கிப் பார்க்கிறேன். அம்பு எந்த அச்சின் மேல் படுக்கிறதோ அந்தக் கூறு முழுசாக மிஞ்ச வேண்டும்.

ஆனால் என்னை நன்றாக ஏமாற்றியது கோணம் கண்டுபிடிக்கும் கடைசிப் படிதான். தொகுபயன் −3, 4 என்று வந்தது. இடப்பக்கமாக மேலே போகிற அம்பு. ஒய் கூறை எக்ஸ் கூறால் வகுத்து, அதிலிருந்து கோணம் சொல்லும் டேன் இன்வெர்ஸ் போட்டால் கால்குலேட்டர் −53.1 பாகை என்கிறது. அது வலப்பக்கமாகக் கீழே, நேர் எதிர்த்திசை! 4-ஐ −3 ஆல் வகுத்தாலும் −4-ஐ 3 ஆல் வகுத்தாலும் ஒரே விடைதானே. மைனஸ் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது வகுத்தவுடன் தொலைந்துபோகிறது. 180 கூட்டிக்கொள்ள வேண்டும், 126.9 பாகை. எக்ஸ் கூறு மைனஸ் என்றால் எப்போதுமே இந்த வேலை உண்டு. கணினியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஃபோர்ட்ரான் காலத்திலிருந்தே இரண்டு கூறுகளையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு சரியான கோணம் சொல்லும் ஒரு செயற்கூறு உண்டாம். நமக்குப் படம் வரைவதுதான் வழி. இப்போதெல்லாம் கணக்கைத் தொடும் முன்பே கோணல்மாணலாக ஒரு படம் கிறுக்கிவிடுகிறேன்.

அச்சு எப்போதும் படுக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லை. சாய்தளத்தில் ஒரு பெட்டி இருந்தால் அச்சையே சாய்தளத்தோடு சாய்த்துவிடுகிறார்கள். உராய்வும், தளத்துக்குச் செங்குத்தாகப் பெட்டியைத் தாங்கும் விசையும் அச்சுகளின் மேலேயே படுத்துவிடும், எடையை மட்டும் பிரித்தால் போதும். எண்கள் மாறும், அம்பு மாறாது.

உனக்குச் சொல் ஆராய்ச்சி பிடிக்குமே, அதனால் ஒன்று. வெக்டர் என்றால் லத்தீனில் சுமந்து செல்வது. இலங்கைப் பாடநூல்களில் இதைக் 'காவி' என்கிறார்கள், காவிச் செல்வது. முதலில் துறவியின் வேட்டிதான் நினைவுக்கு வந்தது, போகப் போக வெக்டருக்கு நம் பாடநூல் சொல்லும் 'திசையனை' விட அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அச்சுத் திசைகளுக்கு ஐ, ஜே, கே என்று எழுதுகிறோமே, அது அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன் 1843-ல் குவாட்டர்னியன்கள் என்ற நான்கு பாக எண்களுக்காக வைத்த எழுத்து. இன்றைய வடிவத்தைப் பெரும்பாலும் அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அவர் 1881-லும் 1884-லும் தம் மாணவர்களுக்காகச் சொந்தமாக அச்சிட்ட குறிப்புகளிலிருந்து.

நேற்று விடையைச் சரிபார்க்க ஒரு வேலை செய்தேன். அந்த இரண்டு அம்பு கணக்கில், தொகுபயனைத் திருப்பிப்போட்டு மூன்றாவது அம்பாகச் சேர்த்தேன்: 10.24 மீட்டர், 244.4 பாகை. புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும், இரண்டு பத்தியும் பூஜ்யமாக வேண்டும். எக்ஸ் சரியாகப் பூஜ்யம். ஒய் பத்தியில் 0.01 இடிக்கிறது. உனக்குத்தான் என்னைத் தெரியுமே, கணக்கு ஒரு பைசா இடித்தால் சாப்பாடு இறங்காது. ராத்திரி பதினொன்றரை வரை ஒவ்வொரு குறியாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால், கோணத்தை ஒரு தசமத்தோடு நிறுத்தியதால் வந்த மிச்சம் அது. தவறே இல்லை. அப்படியும் விடியற்காலையில் எழுந்து இன்னும் இரண்டு தசமம் வைத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மாடி ஏறாதே.

உன் பழைய பெஞ்ச்காரன்