ஒற்றைப் பின்னை விடாதே, தம்பி

கீழக்கரை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன்.

பந்தை உருட்டிப் பத்துப் பின் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங்கில் நீ ஆடி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஆட்டத்தின் ஸ்கோரையும் நேற்று இரவு கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தேன். 128, 141, 133. சராசரி 134. லீக்கில் உன்னால்தான் அணி பின்தங்குகிறது என்று வருத்தப்பட்டு, இன்னும் கனமான பந்து வாங்கப்போவதாகச் சொன்னாய். வாங்காதே. துபாயில் 17 வருஷம் பௌலிங் கூடத்தில் பின் அடுக்கும் இயந்திரத்தோடு கிடந்தவன் நான். பலமாக எறிந்து சராசரியை ஏற்றியவர்களை அங்கே அதிகம் பார்த்ததில்லை.

உன் ஸ்கோரில் 14 ஃப்ரேமில், அதாவது 14 சுற்றில், முதல் பந்திலேயே பத்தையும் சாய்க்கிற ஸ்ட்ரைக்கும் இல்லை, மிச்சத்தை இரண்டாம் பந்தில் சாய்க்கிற ஸ்பேரும் இல்லை. அதில் ஒன்பது முறை மிச்சம் நின்றது ஒரே ஒரு பின். எனக்கு மனசு கேட்கவில்லை, தம்பி. கணக்கைப் பார். பத்து ஃப்ரேமிலும் முதல் பந்துக்கு ஒன்பது விழுந்து, மிச்ச ஒன்றை விட்டுவிட்டால் 90. அந்த ஒன்றை ஒவ்வொரு முறையும் சாய்த்து, கடைசிப் பந்திலும் ஒன்பது எடுத்தால் 190. ஒரு ஸ்ட்ரைக்கூட வேண்டாம்! ஸ்பேர் எடுத்தால் பத்தோடு அடுத்த பந்தில் விழுவதும் சேர்கிறதே, அதனால் வரும் வித்தியாசம். நீ விட்ட ஒன்பதில் ஐந்தை எடுத்திருந்தால் ஆட்டத்துக்குச் சுமார் 15 கூடி 149 பக்கம் வந்திருப்பாய்.

அந்த ஒன்பதில் ஆறு, வலது மூலையில் நிற்கும் பத்தாம் பின். வலக்கைக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. ஸ்ட்ரைக்குக்கு விடுகிற அதே வளைவுப் பந்தைத்தான் நீ அதற்கும் விடுகிறாய், வீடியோவில் பார்த்தேன். பந்து உருளும் லேனின் ஓரத்தில் எண்ணெய் குறைவு, வளைகிற பந்து அங்கே போனதும் உள்ளே திரும்பிவிடும். இடப்பக்கம் நன்றாகத் தள்ளி நின்று, நேராக உருளும் பிளாஸ்டிக் பந்தைக் குறுக்காக விடு. கையிலிருக்கும் காசுக்கு அதை வாங்கு. முதல் பின்னே பந்தை விடும் கோட்டிலிருந்து 60 அடி தள்ளி நிற்கிறது, அதனால் பின்னைப் பார்த்து எறியாதே. சுமார் 15 அடியில் ஏழு அம்புக்குறி இருக்கிறதே, அதில் நடு அம்பின் மேல் போகிற மாதிரி ஆரம்பித்துப் பார்.

எண்ணெயைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. காலையில் நான்தான் லேனைத் துடைத்து எண்ணெய் போடுவேன். முதல் 40 அடி அளவுக்குத்தான் போடுவோம். அதற்கப்புறம் காய்ந்த தரை, அங்கேதான் பந்து பிடித்து வளையும். ஆட ஆடப் பந்து போகிற தடத்தில் எண்ணெய் குறையும். மூன்றாவது ஆட்டத்தில் உன் பந்து சீக்கிரமே வளைந்து முதல் பின்னுக்கு இடப்பக்கம் போனது அதனால்தான், உன் கை பிசகவில்லை. அப்போது அதே அம்பைப் பார்த்துக்கொண்டே நிற்கிற இடத்தை மட்டும் தரையில் இரண்டு பலகை அகலம் இடப்பக்கம் மாற்று. இடம் மாறுவது உனக்குப் புதிதல்ல, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது தென்கடலை விட்டு வடகடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன்தானே நீ.

அப்புறம், பந்தை இறுக்கிப் பிடிக்கிறாய். சின்ன வயசில் கடற்கரையில் வீச்சு வலை எறியப் பழகினாயே, கை இறுகினால் வலை விரியாமல் கட்டியாக விழும், நீ அழுவாய். ஒருநாள் கையைத் தளர்த்தி விட்டதும் வட்டமாக விரிந்தது, நாலு முரல் மீன் சிக்கியது. அந்தக் கையைப் போலத் தோளிலிருந்து தானாக ஆடி வரட்டும். கட்டைவிரல் துளை இறுக்கமாகவோ தொளதொளவென்றோ இருந்தால் கடையில் கொடுத்துச் சரிசெய்.

உம்மா தொதல் இனிப்பு வாங்கி வைத்திருக்கிறாள், ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம். சனிக்கிழமை தனியாகப் போய்ப் பத்தாம் பின்னுக்கு மட்டும் இருபது பந்து விடு. எத்தனை பட்டது என்று அன்றைக்கே எழுது. இஷாத் தொழுதுவிட்டு விழித்திருப்பேன்.

துஆவுடன்,
வாப்பா