வலை இல்லாத கோல்

டிக்கோயா
2025 தை

அன்புள்ள மச்சான் மகாலிங்கம்,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பொங்கல் வேலைகளில் பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதே. கோத்தகிரியில் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்களும் சுகம். பனிதான் இந்த வருசம் கொஞ்சம் கடுமை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் வந்தால்தான் யாரென்று தெரிகிறது. மகள் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சின்னவன் கொழும்பில்தான். வீட்டுச் செய்தி அவ்வளவே.

உன் கடிதத்தில் முக்கால்வாசி இந்தியாவும் கட்டாரும் மோதிய அந்த உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றுக் கால்பந்தாட்டம்தான். அரை வருசம் கழிந்தும் உனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நானும் இங்கே போனில் பார்த்தேன். 2024 ஜூன் 11, தோஹா. சாங்தே அடித்த கோலோடு உங்கள் ஆட்கள் முன்னால் இருந்தார்கள். (உங்கள் ஆட்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவன் நீதானே.) 73ஆவது நிமிடத்தில் கட்டார் ஆள் தலையால் முட்டிய பந்தை உங்கள் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். பந்து கம்பத்துக்குப் பக்கத்தால் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதை இன்னொரு கட்டார் ஆள் காலால் உள்ளே இழுத்துக்கொடுக்க, யூசுஃப் அய்மன் வலைக்குள் தட்டிவிட்டார். கோல் என்று விசில். அந்தச் சுற்றில் வீடியோ உதவி நடுவரும் இல்லை. கடைசியில் 2-1, உலகக் கிண்ணக் கனவு அதோடு சரி.

நீ அந்தக் கொரிய நடுவரைப் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறாய். திட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த விசயத்தில் நான் உன்னோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். ஏன் என்று சொல்ல, நம் தேயிலைத் தோட்டத்தில் போன கிழமை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

மாட்டுப்பொங்கல் அன்று மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் அணிக்கு எழுவர் ஆட்டம். ஸ்டோருக்கு (தேயிலை ஆலைக்கு) மேலே இருக்கிற அதே பழைய கிரவுண்ட்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் இறங்கினால் தேயிலை, அதற்கும் கீழே தண்ணீர் ஓடும் கான். நாம் விளையாடிய காலத்தில் பாதி நேரம் பந்து பொறுக்கியே போகும், நினைவிருக்கிறதா? இன்றைக்கும் அதே கதைதான். சவுக்குக் கம்பு நட்ட கோல், வலை கிடையாது. சுண்ணாம்பால் போட்ட கோடு முதல் பாதிக்குள்ளேயே ஈரத்தில் கரைந்துவிட்டது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று. மேல்மலையிலிருந்து பனி இறங்கி நடு மைதானம் வரை மூடிவிட்டது. கீழ்ப்பிரிவுப் பையன் ஒருவன் இடது காலால் தாழ்வாக அடித்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு சரியாகக் கோலுக்குப் பின்னால் நின்றேன். பந்து கம்பத்துக்கு உட்பக்கம், ஒரு சாண் உள்ளேதான் போனது. போய் என் காலைத் தாண்டி தேயிலைக்குள் இறங்கிவிட்டது. நடுவர் பனிக்குள் இருந்து ஓடி வருகிறார், கை கோல் கிக் என்று, அதாவது பந்து வெளியே என்று காட்டுகிறது. அந்தப் பக்கம் கொடி பிடிக்க நிறுத்தியிருந்த பையன் எங்கே என்று பார்த்தால், அதற்கு முந்திப் போன பந்தைப் பொறுக்கக் கானுக்குள் இறங்கியவன் இன்னும் ஏறி வரவில்லை!

அப்புறம் நடந்ததை நீயே யோசித்துக்கொள். கீழ்ப்பிரிவு ஏழு பேரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மேட்டில் இருந்த பொம்பளைகள் "கண்ணு பொட்டையா?" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் மேற்பிரிவு கோல்கீப்பர் மாற்றுப் பந்தை வைத்து நிதானமாக உதைத்துவிட்டான். உதைத்தால் முடிந்தது கதை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவரே நினைத்தாலும் பழைய தீர்ப்பை மாற்ற முடியாது, சட்டம் அப்படி. பெனல்டியில் மேற்பிரிவு வென்றது.

1982 உலகக் கிண்ணத்தில் குவைத் இளவரசர் மைதானத்துக்குள் இறங்கிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அன்றைக்கு எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பிரான்ஸ் ஆட்டம். கூட்டத்தில் யாரோ விசில் ஊத, நடுவர்தான் ஊதினார் என்று நினைத்துக் குவைத் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பிரான்சின் ஜிரேஸ் கோல் அடித்தார், நடுவரும் கொடுத்துவிட்டார். இளவரசர் ஷேக் ஃபஹத் மேலிருந்து இறங்கி வந்து வாதாட, கொடுத்த கோலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இளவரசர் இறங்கி வந்தால் தீர்ப்பு மாறும், தோட்டத்துப் பொம்பளைகள் கத்தினால் மாறாது.

நான் சொல்ல வந்தது அந்தக் கோல்கீப்பரைப் பற்றி. நல்ல பையன், ஸ்டோரில் வேலை. பந்து அவன் கையை உரசிக்கொண்டுதான் போனது. மறுநாள் சந்தித்தபோது கேட்டேன், "தம்பி, உள்ளேயா வெளியேயா?" "ரெஃப்ரிகிட்ட கேளுங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இதே பதிலை நீயும் நானும் எங்கே கேட்டிருக்கிறோம்? 2009 நவம்பரில் பாரிஸில் அயர்லாந்துக்கு எதிராக பிரான்சின் ஹென்றி கையால் பந்தை அடக்கிக் கொடுக்க, காலாஸ் தலையால் தள்ளினார். அயர்லாந்து வெளியே, பிரான்ஸ் தென்னாபிரிக்கா உலகக் கிண்ணத்துக்கு. ஆட்டம் முடிந்ததும் ஹென்றி கையில் பட்டதை ஒத்துக்கொண்டார். கூடவே, நடுவர் நானில்லையே என்றார். நம் பையன் அந்தப் பேட்டியைக் கேட்டிருக்கவே மாட்டான்.

அந்த உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் லாம்பார்ட் கோலை எடு. 2010 ஜூன் 27, புளூம்ஃபொன்டைன். ஜெர்மனி 2-1 முன்னால். லாம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது கோட்டுக்கு நன்றாக உள்ளே. கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் தெரிந்தது, உருகுவே நடுவர் லாரியொண்டாவுக்கும் அவருடைய துணை நடுவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் பந்துக்கு ஓரடி பக்கத்தில் இருந்தவர். பந்தை அள்ளி ஒன்றும் நடக்காதது போல் உடனே ஆட்டத்தைத் தொடர்ந்தார். நடுவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் அப்படி அவசரப்பட்டேன் என்று பிறகு அவரே சொன்னார். அன்றைக்கு 2-2 ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யார் கண்டது, முடிந்தது 4-1. நடுவருக்குக் கிடைத்த வசவில் நோயருக்கு எத்தனை பங்கு கிடைத்தது? அவரைக் கெட்டிக்காரர் என்றோம்.

என் கோபம் இதில்தான் மச்சான். ஒவ்வொரு தவறான தீர்ப்பிலும் உண்மை தெரிந்த ஒருவன் மைதானத்துக்குள்ளேயே நிற்கிறான். அவனை நாம் ஒன்றும் கேட்பதில்லை. அவனைத் தோளில் தூக்குகிறோம். தெரியாமல் ஊதியவரை ஊர் ஊராகத் திட்டுகிறோம். ஒருவர் மட்டும் தப்பித்தார், 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்டின் பந்துக்குக் கோல் என்று தலையாட்டிய துணை நடுவர் பஹ்ராமோவ். அந்தப் பந்து கோட்டைத் தாண்டியதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், அவருடைய பெயரிலோ பாகு நகரத்தில் பெரிய மைதானமே நிற்கிறது. நம் நடுவருக்கு அன்றைக்குப் பஸ் காசும் ஒரு பிளேன்டீயும்தான் கிடைத்தது.

இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உன் பேரன் சொல்வதாக எழுதியிருந்தாய். பாதி சரி. கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு இயந்திரம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. லாம்பார்ட் விசயம் நாறிய பிறகுதானே 2012இல் அனுமதித்தார்கள், 2014 உலகக் கிண்ணத்தில் வைத்தார்கள். பந்து முழுக்கத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரம் ஒரு விநாடிக்குள் அதிரும், யாரும் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதுவும் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டது. 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லாவின் கீப்பர் பந்தோடு கோட்டுக்குள் போய்விட்டார். கமராக்கள் எல்லாவற்றையும் ஆட்கள் மறைத்துக்கொண்டு நின்றதால் கடிகாரம் அசையவில்லை. அந்தப் பருவத்தில் வில்லா இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கிலிருந்து கீழே இறங்காமல் தப்பியது ஒரே ஒரு புள்ளியால்.

ஆனால் மற்றதெல்லாம் மனிதர் வாயில் போய்த்தான் நிற்கிறது. 2023 செப்டெம்பர் கடைசியில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் டோட்டன்ஹாமுக்கு அடித்த கோல் ஞாபகம் இருக்கும். துணை நடுவர் ஓஃப்சைட் என்று கொடி தூக்கினார். வீடியோ அறையில் பார்த்தால் ஓஃப்சைட் இல்லை, சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பார்த்து முடிந்தது என்று மட்டும் சொன்னார்கள். நடுவர் தம் தீர்ப்பு சரி என்று எடுத்துக்கொண்டார், ஆட்டம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவர்கள் பட்ட பாட்டை ஒலிப்பதிவாக வெளியிட்டார்கள், கேட்டுப் பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை கமராவுக்குப் பிறகும் நம் கோல் கிக் கதைதான்!

2022 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் ஆட்டத்தில் மிதோமா திருப்பிக் கொடுத்த பந்தில் 1.88 மில்லிமீற்றர் கோட்டின் மேல் இருந்ததாம். அதனால் ஸ்பெயினுக்கு எதிரான கோல் செல்லும், அதே குழுவில் இருந்த ஜெர்மனி வீட்டுக்குப் போனது. இங்கே கோடு எங்கே என்றே தெரியவில்லை, 1.88ஐ நான் எங்கே வைத்து அளப்பது?

சரி, நம் ஊருக்கு என்ன வழி? இளைஞர் கூட்டத்தில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவன் போனை முக்காலியில் நிறுத்திப் படம் பிடிப்போம் என்றான். பனியைத்தான் படம் பிடிக்கும் என்று சொல்லி உட்காரவைத்தேன். வலை கட்டுங்கள் என்றேன். கோலுக்கு வலை என்பதே இந்தச் சண்டைக்காக வந்ததுதான். கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று இங்கிலாந்தில் நம்மைப் போலவே அடித்துக்கொண்டிருந்தார்கள். லிவர்பூல் பொறியியலாளர் ஜோன் பிரோடி 1889 வாக்கில் இந்த யோசனையைக் கண்டுபிடித்தார். பெரிய வீதி, சுரங்கப்பாதை எல்லாம் போட்ட மனிதர்.

வாங்கக் காசில்லை. பழைய கொழுந்துச் சாக்குகள், அந்த நைலோன் வலைச் சாக்குகள், ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்தார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாளாக எங்கள் லயத்து வாசலில் பொம்பளைகள் உட்கார்ந்து தைக்கிறார்கள். சாக்கைப் பிரித்து, ஓரத்தை மடித்து, சாக்கு ஊசியால் இரட்டை நூல் போட்டு இழுக்கிறார்கள். பச்சையும் நீலமுமாகப் பார்க்கக் கொஞ்சம் விநோதம்தான். உள்ளே இன்னும் காய்ந்த கொழுந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, உதறினால் வாசமடிக்கிறது.

ஒரு சாக்கில் முழங்கை போகிற அளவு ஓட்டை இருந்தது. பரவாயில்லை என்று கட்டப் பார்த்தார்கள், நான் விடவில்லை. 2013இல் ஜெர்மனியில் லெவர்குசனின் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து வெளியே போய், பக்கத்து வலையில் இருந்த ஓட்டையால் உள்ளே புகுந்தது. அவரே தவறிவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் கோல் என்றார்கள், சேர்ந்து கொண்டாடினார். எதிரணி ஹொஃபன்ஹைம் முறையிட்டும் முடிவு மாறவில்லை. அதே நாட்டில் 1994இல் பயர்ன் மியூனிக் வீரர் ஹெல்மர் கம்பத்துக்கு வெளியே தட்டிய பந்துக்குக் கோல் கொடுத்தபோது, ஆட்டத்தையே மறுபடி வைத்தார்கள். பயர்ன் 5-0 வென்றது வேறு கதை. ஒரே சங்கம், இரண்டு நியாயம். இதைச் சொன்னதும் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் ஓட்டையை அடைத்துவிட்டாள்.

மறு ஆட்டம் வேண்டும் என்று கீழ்ப்பிரிவு நிற்கிறது. கிண்ணத்தைத் தரமாட்டோம், வேண்டுமென்றால் சிநேகபூர்வமாக ஆடலாம் என்று மேற்பிரிவு இறங்கி வந்திருக்கிறது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைப்பதாகப் பேச்சு. நடுவரை மாற்ற வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் மட்டும் அதே ஆள்தான் வர வேண்டும் என்றேன். பனிக்குள் தனியாக ஓடிய மனிதர், வேறு யார் வந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் கண்டிருப்பார். கொடி பிடிக்க இந்த முறை இரண்டு பெரியவர்களைப் போட்டிருக்கிறோம், பந்து பொறுக்கத் தனியாகப் பையன்கள்.

உனக்கு ஒரு வேலை. உன் பேரன் கோல்கீப்பர் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் பழைய கையுறை ஏதும் இருந்தால் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. நம் ஸ்டோர் பையன் மருந்தடிக்கக் கொடுக்கிற றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறான், பந்து வழுக்குகிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். பதில் போடு, திட்டுவதாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
பெருமாள்